ஓரிகனில் ஒரு ஜப்பானிய ஆண்டு

ஜூலை 7 ஜப்பானில் தனபாதா விழா. பால்வெளியின் இரு கரைகளில் பிரிந்து நிற்கும் நெசவுப்பெண்ணும் மாடுமேய்ப்பவனும் ஆண்டுக்கு ஒரே ஓர் இரவு சந்திப்பதாகக் கதை. சீனத்திலிருந்து வந்து ஜப்பானில் வேரூன்றிய கதை இது. நெசவுப்பெண் வேகா விண்மீன், நம் மரபில் அபிஜித். மேய்ப்பன் ஆல்டேர், நாம் திருவோணம் என்கிறோம். மக்கள் தங்கள் வேண்டுதல்களை வண்ணத்தாள் கீற்றுகளில் எழுதி மூங்கில் கிளைகளில் கட்டித் தொங்கவிடுவார்கள். ஆனால் ஜூலை முதல் வாரம் ஜப்பானின் பெரும்பகுதியில் மழைக்காலம். விண்மீன்களுக்கான விழா, விண்மீன் தெரியாத இரவில் வந்து விழுகிறது.

முன்பு இப்படி இல்லை. 1872 முடியும்வரை ஜப்பான் நிலவையும் சூரியனையும் இணைத்த பழைய கணக்கையே பின்பற்றியது. 1873 ஜனவரி 1 முதல் மெய்ஜி அரசு மேலை நாட்காட்டிக்கு மாறியது. பழைய கணக்கில் ஏழாம் மாதத்து ஏழாம் நாள் பெரும்பாலும் ஆகஸ்ட் மாதத்தில் வரும். மழை ஓய்ந்திருக்கும். வளர்பிறை நிலவும் நள்ளிரவை ஒட்டி மறைந்து விண்மீன்களுக்கு வழிவிடும். புதிய நாட்காட்டியில் தேதியின் எண் மட்டும் தங்கியது, வானம் விலகிப்போனது. செண்டாய் நகரம் இதை ஏற்கவில்லை. அங்கே இன்றும் தனபாதா ஆகஸ்ட் 6 முதல் 8 வரை நடக்கிறது.

பசிபிக்கின் மறுகரையில், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லேண்ட் நகரில், மழை இலையுதிர்காலத்தில் தொடங்கி வசந்தம்வரை பெய்கிறது. ஜூலையில் வானம் பெரும்பாலும் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். அந்நகரத்தின் ஜப்பானியத் தோட்டத்தில் மூங்கிலில் தாள் கட்டும் நாளில், டோக்கியோவில் மேகத்துக்குப் பின்னால் இருக்கக்கூடிய அபிஜித்தும் திருவோணமும் நன்றாகத் தெரியும். இரவு ஒன்பது மணிவரை சூரியன் மறையாது என்பதால் காத்திருக்கத்தான் வேண்டும்.

வெளிநாடுகளிலுள்ள ஜப்பானியத் தோட்டங்களைப் பற்றி எழுதுபவர்கள் கல், நீர், பாலம், பாசி ஆகியவற்றைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். ஒரு நிலப்பரப்பை இன்னொரு நாட்டில் எப்படிக் கட்டினார்கள் என்ற கேள்வியோடு அவர்கள் நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றும் கேள்வி வேறு. ஜப்பானியத் தோட்டம் ஆண்டு முழுவதும் மாறிக்கொண்டே இருக்கும்படி அமைக்கப்படுவது. அதற்கென விழாக்களும் வேலைகளும் உண்டு. கல்லைக் கப்பலில் ஏற்றலாம். ஓர் ஆண்டை, அதன் பருவங்களோடும் நாட்களோடும், எப்படி வேறு மண்ணில் நடுவது? போர்ட்லேண்ட் தோட்டத்தின் அறுபது ஆண்டு வரலாறு இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்களில் மிகத் தெளிவான ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

போர்ட்லேண்டும் வட ஜப்பானின் சப்போரோவும் 1959 இல் சகோதர நகரங்களாயின. அதே சமயத்தில் போர்ட்லேண்டின் விலங்குக்காட்சிச் சாலை வாஷிங்டன் பூங்காவிலிருந்த தன் பழைய இடத்தை விட்டு நகர்ந்தது. அந்த மேட்டு நிலத்தில் ஒரு ஜப்பானியத் தோட்டம் அமைக்க, அப்போதைய மேயர் டெர்ரி ஷ்ரங்கும் நகரப் பிரமுகர்களும் முனைந்தார்கள். 1963 இல் லாப நோக்கற்ற சங்கம் ஒன்று உருவானது. நிலம் நகரத்துடையது, நிர்வாகம் சங்கத்துடையது. வடிவமைக்க அழைக்கப்பட்டவர் டோக்கியோ விவசாயப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தகுமா தோனோ. அவர் இளவயதில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நிலவடிவமைப்பு படித்தவர். 1967 இல் தோட்டம் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

தோனோ ஒரே வளாகத்தில் ஐந்து வகைத் தோட்டங்களை வைத்தார்: சமதளத் தோட்டம், குளத்தைச் சுற்றி நடக்கும் தோட்டம், தேநீர்த் தோட்டம், இயற்கைத் தோட்டம், மணலும் கல்லுமான தோட்டம். ஜப்பானில் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தேவைகளுக்காக உருவான வகைகள் இவை. அருகருகே வைத்தால் பாடப்புத்தகத்தின் சாயல் வந்துவிடும். அந்தச் சாயல் தொடக்கத்தில் இருந்திருக்கவே வேண்டும். அதைக் கலைத்தது வடிவமைப்பைவிட ஓரிகனின் மழைதான் என்பேன். பாசிக்கு இவ்வளவு உகந்த குளிர்காலம் கிடைக்கும் நகரங்கள் குறைவு. ஐந்து தோட்டங்களின் விளிம்புகளையும் அது மெல்ல மூடிவிட்டது.

மணல் தோட்டத்தின் கற்களுக்கு ஒரு கதை உண்டு. பசியால் வாடிய புலிக்குட்டிகளுக்காகத் தன் உடலையே கொடுத்த புத்தரின் முற்பிறவிக் கதை அது. இந்தியாவில் பிறந்த ஜாதகக் கதை, ஜப்பானியக் கல்லடுக்கு முறையில், அமெரிக்க மேட்டில் நிற்கிறது. சமதளத் தோட்டம் இந்தக் கட்டுரைக்கு இன்னும் நெருக்கமானது. சீவிய வெண்சரளைப் பரப்பின் நடுவே வட்டமாகவும் சுரைக்குடுவை வடிவிலும் இரண்டு பசுந்திட்டுகள். ஒரு பக்கம் தொங்குகிளைச் செர்ரி வசந்தத்தைச் சொல்கிறது. நீரைப்போலக் கோடிட்ட சரளை கோடையின் குளிர்ச்சி. சிவக்கும் மேப்பிள் இலையுதிர்காலம். கரும்பைன் குளிர்காலம். ஆக, ஒரே இடத்தில் நின்று பார்த்தால் முழு ஆண்டும் கண்முன் இருக்கிறது. தோனோ இங்கே நாட்காட்டியையும் சேர்த்தே வரைந்திருக்கிறார்.

தோட்டத்தின் விழா ஆண்டு, புத்தாண்டில் பைனும் மூங்கிலும் சேர்த்துக் கட்டிய வாசல் அலங்காரத்தோடு தொடங்குகிறது. மார்ச் 3 அன்று பெண்குழந்தைகளின் நலனுக்கான பொம்மைத் திருநாள். அரசவை உடையணிந்த பொம்மைகளைப் படிப்படியாக அடுக்கி வைப்பார்கள். பழைய கணக்கில் இது பீச் மலரும் காலம். இன்றைய மார்ச் 3 இல் ஜப்பானிலேயே பீச் பூப்பதில்லை, சூடேற்றிய அறைகளில் பூக்கவைத்த கிளைகளைக் கடையில் வாங்குகிறார்கள். போர்ட்லேண்டில் அப்போது மழை விடாது பெய்துகொண்டிருக்கும். மே 5 குழந்தைகள் நாள், கெண்டைமீன் வடிவத் துணிக்கொடிகள் காற்றில் நீந்தும். ஜூன் மாதம் கீழ்க்குளத்தில் கோணல்மாணலாகச் செல்லும் பலகைப் பாலத்தின் இருபுறமும் ஐரிஸ் பூக்கும். அதற்கு விழா ஏதும் தேவைப்படுவதில்லை.

ஆகஸ்டில் வரும் ஓபோன் அப்படிக் கடந்துபோகக் கூடியதல்ல. மறைந்த முன்னோர்கள் வீட்டுக்கு வந்து திரும்பும் நாட்கள் அவை. புத்தரின் சீடரான மொகல்லானர், பசிப்பேய்களின் உலகில் வாடிய தன் தாயை மீட்ட கதையிலிருந்து இது வளர்ந்தது. வந்தவர்களை வழியனுப்ப, சிறு விளக்குகளை நீரில் விடுவார்கள். ஜப்பானில் ஓபோனுக்கு ஒரே தேதி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். டோக்கியோவில் பலர் ஜூலை நடுவில் செய்கிறார்கள். நாட்டின் பெரும்பகுதியில் ஆகஸ்ட் நடுவில். ஒகினாவாவில் இன்றும் பழைய நிலாக்கணக்குப்படி. ஒரே விழா ஒரே நாட்டுக்குள் மூன்று நாட்காட்டிகளில் வாழ்கிறது. அமெரிக்காவிலுள்ள ஜப்பானியப் பௌத்தக் கோயில்கள் ஜூலை, ஆகஸ்ட் வார இறுதிகளில் தங்களுக்குள் நாட்களைப் பகிர்ந்துகொள்கின்றன. இதனால் ஒரு கோயிலார் மற்றக் கோயிலின் ஓபோன் நடனத்துக்கும் போக முடியும்.

போர்ட்லேண்ட் தோட்டத்தில் ஓபோன் இரவு மேல்குளத்தில் நடக்கிறது. தெருவை நிறைக்கும் திருவிழா இங்கே முடியாது. பாதைகள் குறுகலானவை, பாசி மிதிபட்டால் தேறுவதற்கு நீண்டகாலம் ஆகும். அதனால் வருவோர் எண்ணிக்கை கட்டுப்படுத்தப்படுகிறது. இது சிலருக்குக் குறையாகப் படலாம். நகர நிலத்தில் இருக்கும், ஆனால் நுழைவுக் கட்டணம் வாங்கும் தோட்டத்தில், கூடுதல் சீட்டு எடுத்தவர்களுக்கு மட்டும் ஒரு விழா என்றால், ‘பொது’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்பது நியாயமே. இந்தக் கேள்வி முழுமையாகத் தீரக்கூடியது என்று எனக்குத் தோன்றவில்லை. இறந்தவர்களை நினைக்க வருபவருக்கு அமைதி வேண்டும். நகரத்தின் நிலத்தில் எல்லோருக்கும் பங்கு வேண்டும். தோட்டம் இரண்டையும் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கிறது.

இறந்தவர்களைப் பற்றிப் பேசும்போது, இந்தத் தோட்டத்துக்கு முன்னால் இந்த நகரத்தில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போர்ட்லேண்டின் பழைய நகரப் பகுதியில் ஜப்பானியர் குடியிருப்பு ஒன்று செழித்திருந்தது. ஓரிகன் பௌத்தக் கோயில் 1903 இல் தொடங்கப்பட்டது. 1923 இல் ஓரிகன், குடியுரிமை பெற முடியாத ஆசிய வந்தேறிகள் நிலம் வாங்குவதைத் தடைசெய்தது. 1942 பிப்ரவரி 19 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஆணையின் பேரில் மேற்குக்கரை ஜப்பானிய மரபினர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் அமெரிக்கக் குடிமக்கள். போர்ட்லேண்டிலும் சுற்றுப்புறத்திலும் இருந்தவர்களை முதலில் அடைத்தது கால்நடைக் கண்காட்சி வளாகத்தில். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், விலங்குகளைக் கட்டிவைத்த இடத்தில், பலகைத் தடுப்புகளுக்கு நடுவே பல மாதங்கள் வாழ்ந்தார்கள். பிறகு பலர் ஐடஹோவின் பாலைநிலத்திலுள்ள மினிடோகா முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள்.

அந்த முகாம்களில் மக்கள் செய்தவற்றில் ஒன்று தோட்டம் அமைத்தது. சியாட்டிலில் 1927 இல் தன் தோட்டத்தைத் தொடங்கிய புஜிதாரோ குபோதா, மினிடோகாவின் நுழைவாயிலருகே கல்லும் மண்ணும் கொண்டு ஒரு தோட்டம் எழுப்பினார். கலிபோர்னியாவின் மன்சனார் முகாமிலும் குளமும் அருவியும் வைத்துப் பூங்கா கட்டினார்கள். ஓபோன் நடனமும் முட்கம்பிக்குள் நடந்தது. வெளியே இருந்த ஜப்பானியத் தோட்டங்களோ தங்கள் மனிதர்களை இழந்தன. சான் பிரான்சிஸ்கோவில் 1894 கண்காட்சிக்காகத் தொடங்கப்பட்ட தேநீர்த் தோட்டத்தை வளர்த்த ஹகிவாரா குடும்பம், தாங்கள் வாழ்ந்த அந்தத் தோட்டத்தைவிட்டே வெளியேற்றப்பட்டது. தோட்டத்தின் பெயரிலிருந்த ‘ஜப்பானிய’ என்ற சொல் எடுக்கப்பட்டு 1952 இல்தான் திரும்ப வந்தது. நியூயார்க்கின் புரூக்ளின் தாவரவியல் தோட்டத்தில் 1915 இல் திறக்கப்பட்ட குன்றும் குளமுமான தோட்டத்தை வடிவமைத்த தகேயோ ஷியோதா, 1943 இல் காவலில் இருந்தபோதே இறந்தார்.

1959 இல் போர்ட்லேண்ட் சப்போரோவோடு கைகோத்தபோது, கால்நடை வளாகத்துக்குள் மக்களை அடைத்து இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை. நகரம் கடலுக்கு அப்பாலுள்ள ஜப்பானோடு நட்பு பேசியது. தன் நடுவில் வாழ்ந்தவர்களுக்கு நேர்ந்ததை நினைவுகூரும் ஜப்பானிய அமெரிக்க வரலாற்றுச் சதுக்கம், வில்லமெட் ஆற்றங்கரையில் 1990 இல்தான் எழுந்தது. அதை வடிவமைத்தவர் ராபர்ட் முராசே. அங்குள்ள நூறு செர்ரி மரங்கள் ஜப்பானியத் தானிய இறக்குமதியாளர் சங்கத்தின் கொடை. இன்று போர்ட்லேண்டில் செர்ரி பூக்கும்போது பெருங்கூட்டம் கூடுவது அந்த ஆற்றங்கரையில்தான். மேட்டிலிருக்கும் தோட்டத்தில் கலையும் அமைதியும், ஆற்றங்கரையில் கூட்டமும் நினைவும் என்று ஜப்பானிய ஆண்டு இந்த நகரத்தில் இரண்டு இடங்களில் பிரிந்து கிடக்கிறது. தோட்டத்தின் விழாக்களை அந்தச் சதுக்கத்தையும் கோயிலின் நடனத்தையும் சேர்க்காமல் வாசித்தால் பாதி வரலாறுதான் கிடைக்கும்.

செப்டம்பரில் நிலாப்பார்வை. பழைய எட்டாம் மாதத்துப் பதினைந்தாம் நாள் நிலவுக்கு உருண்டை மாவுப் பலகாரமும் நாணல்போன்ற புல்லும் படைத்து, அது எழுவதைப் பார்ப்பது. மெய்ஜி அரசின் சீர்திருத்தம் தொட முடியாத விழா இது. முழுநிலவை மேலை நாட்காட்டியின் எந்தத் தேதியிலும் நிறுத்திவைக்க முடியாதே. எனவே இன்றும் இது ஆண்டுதோறும் இடம்மாறி வருகிறது. போர்ட்லேண்டில் இதற்கு இயற்கையே மேடை போட்டுத் தந்திருக்கிறது. 1980 இல் கட்டப்பட்ட மண்டபத்தின் கிழக்குத் தாழ்வாரத்தில் நின்றால் கீழே நகரம், அதற்கப்பால் கேஸ்கேட் மலைத்தொடர், நடுவே 3,429 மீட்டர் உயரமுள்ள பனிமுடி கொண்ட ஹூட் மலை. நிலவு அந்தப் பக்கமிருந்துதான் எழும். தொலைவிலுள்ள மலையைத் தோட்டத்தின் பகுதியாகச் சேர்த்துக்கொள்வது ஜப்பானியத் தோட்டக்கலையின் பழைய உத்தி. ஜப்பானில் செப்டம்பர் புயல்களின் மாதம், நிலவு பல ஆண்டுகள் மறைந்துபோகும். ஓரிகனில் மழை திரும்ப இன்னும் சில வாரங்கள் இருக்கும்.

பிறகு, எந்த நாட்காட்டியிலும் இல்லாத ஒரு விழா. குளத்துத் தோட்டத்தருகே குட்டையான, நுண்ணிலை மேப்பிள் ஒன்று நிற்கிறது. அக்டோபர் இறுதியில் அது ஆரஞ்சும் சிவப்புமாக மாறும் சில நாட்களில், ஒளிப்படக்காரர்கள் அதிகாலையிலேயே வந்து வரிசையில் காத்திருக்கிறார்கள். குனிந்து, மண்டியிட்டு, முறுக்கேறிய கிளைகளை இலைக்கூரைக்கு அடியிலிருந்து படம் எடுக்கிறார்கள். உலகில் அதிகம் படமெடுக்கப்பட்ட மரங்களில் இதுவும் ஒன்றாக இருக்கக்கூடும். மேப்பிள் சிவப்பைத் தேடிப் பயணம் போவது ஜப்பானில் பழைய வழக்கம். ஆனால் இந்த ஒற்றை மரத்துக்கான யாத்திரையை யாரும் திட்டமிட்டு உருவாக்கவில்லை. ஜப்பானிலிருந்து கொண்டுவந்த விழாக்களுக்கு நடுவே, ஓரிகன் மண்ணிலேயே முளைத்த பருவ நிகழ்வு இதுதான். அதனாலேயே எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது.

விழாக்களைச் சொன்ன பிறகு வேலைகளைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேராகாது. கரும்பைனின் இளந்தளிர்களை வசந்த இறுதியில் விரலால் கிள்ள வேண்டும். இலையுதிர்காலத்தில் பழைய ஊசியிலைகளைக் கையால் உருவி எடுக்க வேண்டும். இது ஒளி உள்ளே இறங்குவதற்காக. ஒரு மரத்துக்கே பல மணிநேரம் ஏணியில் நிற்க வேண்டியிருக்கும். மூங்கில் வேலிகள் ஈரத்தில் நைந்துபோகும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டியாக வேண்டும். தோட்டத்தைச் சூழ்ந்து ஓங்கிநிற்கும் உள்ளூர் டக்ளஸ் ஃபர் மரங்கள் ஆண்டு முழுதும் பாசிமேல் குப்பை சொரியும். குளிர்காலத்தில் செழிக்கும் பாசிக்கு வறண்ட கோடையில் நீர் பாய்ச்ச வேண்டும். அதாவது, தோட்டக்காரரின் ஆண்டு கியோத்தோவின் ஆண்டாக இருக்க முடியாது. தொடக்க ஆண்டுகளில் தோட்டத்தின் இயக்குநர்கள் ஒருவர்பின் ஒருவராக ஜப்பானிலிருந்து வந்து இங்கேயே தங்கி வேலைசெய்தார்கள். அவர்களில் ஒருவரான ஹொய்ச்சி குரிசு பின்னர் இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஆண்டர்சன் தோட்டங்களை வடிவமைத்தார். அவர்கள் கொண்டுவந்தது கைத்திறன். எப்போது எதைச் செய்வது என்பதை இந்த வானத்திடமிருந்தே கற்க வேண்டியிருந்தது.

2017 இல் கட்டடக்கலைஞர் கெங்கோ குமா வடிவமைத்த பண்பாட்டுக் கிராமம் திறக்கப்பட்டது. முற்றத்தைச் சுற்றி மூன்று கட்டடங்கள், கூரைகளில் செடிகள். மலர் அடுக்கும் கலை, தேநீர்ச் சடங்கு, கைவினைக் கண்காட்சிகள் எல்லாம் நடக்க ஓர் இடம் கிடைத்தது. கூட்டம் இங்கே வந்து தங்கிக்கொண்டதால் பழைய தோட்டத்துக்கு மூச்சுவிட இடமும் கிடைத்தது. பணிகளை வழிநடத்திய தோட்டக் காப்பாளர் சதாஃபுமி உச்சியாமா, தலைமுறைகளாகத் தோட்டக்கலை செய்துவரும் குடும்பத்தில் பிறந்தவர். கிராமத்தின் ஒரு பக்கத்தில் கோட்டைச் சுவர் ஒன்று எழுகிறது. பதினைந்தாம் தலைமுறைக் கல்தச்சரான அவாதா சுமினோரி, காரையே இல்லாமல், கல்லைக் கல்மேல் பொருத்தி அடுக்கும் ஆனோ முறையில் கட்டியது. கற்கள் கிழக்கு ஓரிகனிலிருந்து வந்த கருங்கல். முறை ஜப்பானுடையது, பாறை இந்த மண்ணுடையது. விழாக்களுக்கும் இதே ஏற்பாடுதான் தேவை என்று அந்தச் சுவர் சொல்வதாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதை மரபு மீறல் என்று நினைப்பவர்கள் ஜப்பானிய நாட்காட்டியின் வரலாற்றையே கொஞ்சம் பார்க்கலாம். ஆண்டை 24 பருவங்களாகவும், அவற்றை ஏறக்குறைய ஐந்து நாள் கொண்ட 72 சிறுபொழுதுகளாகவும் பிரிக்கும் முறை சீனத்திலிருந்து வந்தது. எந்தப் பறவை திரும்பும், எந்தப் பூ மலரும், எப்போது பனி உறையும் என்று ஒவ்வொரு சிறுபொழுதுக்கும் ஒரு குறிப்பு. ஆனால் அவை வடசீனத்து மண்ணைப் பார்த்து எழுதியவை. பல நூற்றாண்டுகள் ஜப்பானியர்கள் தங்கள் கண்முன் நடக்காதவற்றையே நாட்காட்டியில் படித்துக்கொண்டிருந்தார்கள். 1685 இல் நடைமுறைக்கு வந்த ஜோக்யோ நாட்காட்டியை உருவாக்கிய வானியலாளர் ஷிபுகாவா ஷுன்காய், சீனத்துக்கும் ஜப்பானுக்கும் உள்ள தீர்க்கரேகை வேறுபாட்டைக் கணக்கில் எடுத்தார். சிறுபொழுதுக் குறிப்புகளையும் ஜப்பானிய நிலத்துக்கும் உயிர்களுக்கும் ஏற்ப மாற்றி எழுதினார். வந்த நாட்காட்டியை வாழும் இடத்துக்குப் பொருத்துவது ஜப்பானிய மரபுக்குள்ளேயே இருக்கும் செயல். செண்டாய் தனபாதாவை ஆகஸ்டுக்குத் தள்ளியதும் அதுதான்.

அந்த வேலை இன்று மறுபடி அவசரமாகியிருக்கிறது. கியோத்தோவில் செர்ரி முழுதாய் மலரும் நாள் பற்றிய குறிப்புகள் 1,200 ஆண்டுகளாகக் கிடைக்கின்றன. அரசவை நாட்குறிப்புகளிலிருந்து அவற்றைத் திரட்டியவர் யசுயுகி ஆவோனோ. 2021 இல் மார்ச் 26 அன்றே அது மலர்ந்தது. அந்த நெடும் பதிவில் அதுவரை இல்லாத அளவுக்கு முந்திய நாள். அதே ஆண்டு ஜூன் 28 அன்று போர்ட்லேண்டில் வெப்பம் 46.7 டிகிரி செல்சியஸ்வரை ஏறியது. பாசிக்கும் மேப்பிளுக்கும் அப்படியொரு நாள் என்ன என்பதைத் தோட்டம் வளர்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே 2021 இல்தான் ஜப்பானின் வானிலை நிறுவனம், பல பத்தாண்டுகளாகச் செய்துவந்த பருவக் கவனிப்புகளைச் சுருக்கியது. முதல் குயில், முதல் சில்வண்டு போன்ற விலங்குப் பதிவுகள் முழுவதும் நிறுத்தப்பட்டன. தாவரங்களில் ஆறு வகை மட்டுமே மிஞ்சின. பருவங்கள் கலையும் நேரத்தில் அவற்றைக் குறித்துவைக்கும் கைகள் குறைக்கப்பட்டது எனக்குப் பெரிய இழப்பாகவே தெரிகிறது.

அந்தக் கைகள் இருக்கக்கூடிய இடங்களில் பொதுத் தோட்டங்கள் முதன்மையானவை. ஒரே செர்ரியை, ஒரே மேப்பிளை, ஒரே ஐரிஸ் பாத்தியை நாள்தோறும் பார்க்கும் மனிதர்கள் அங்கே சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். போர்ட்லேண்டுக்கென்று 72 சிறுபொழுதுகளை எழுதலாம். மேப்பிளின் முதல் சிவப்பு, ஹூட் மலையில் முதல் பனி, ஐரிஸின் முதல் மொட்டு, டக்ளஸ் ஃபர் கூம்பு உதிர்க்கும் வாரம், இலையுதிர்கால மழை திரும்பும் நாள் என்று தொடங்கலாம். தோட்டக்காரர்களோடு ஓரிகன் பௌத்தக் கோயிலின் குடும்பங்களும் அதை எழுத உட்கார வேண்டும். அவர்களின் தாத்தா பாட்டிகள் மினிடோகாவிலும் ஓபோனுக்கு நாள் குறித்தவர்கள்.